நெடுங்கரையின் நீல டிரம்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்செட் கழன்று இந்தக் காபியிலேயே விழட்டும். அத்தனையும் நடந்தது.

“இந்த ஜனங்களுக்கு அறிவு எப்பம்மா வரும்?”

கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார் திருமேனி. நெடுங்கரை நகரத்தின் சுகாதார அதிகாரி. அவர் தேடி வந்தது பூச்சியம்மாவை.

பூச்சியம்மா என்பது ஊர் வைத்த பெயர். கொசுவையும் எறும்பையும் ஆராய்ந்து பெரிய பட்டமெல்லாம் வாங்கியவர். திடீரென்று வேலையை உதறிவிட்டு மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். கேள்வியோடு வருகிறவர்களுக்குச் சோறு போடுவார். பதில் போடுவது அபூர்வம். வயதில் திருமேனிக்கு இளையவர்தான். ஆனாலும் அவருக்கும் அம்மாதான்.

“அறிவு வராம என்ன ஆச்சு, அதிகாரி?”

“ஊரெல்லாம் டெங்கு. என் தங்கச்சி மக ஆஸ்பத்திரியில கிடக்கா. வாசலுக்கு வாசல் நீல டிரம்மு. தண்ணிய நாள்கணக்கா தேக்கி வைக்கிறாங்க, கொசு அதுலதான் முட்டை போடுது. புழுவை பாட்டில்ல பிடிச்சு வீடு வீடாக் காட்டினேன்.”

“பாத்தாங்களா?”

“பாத்தாங்க. பாட்டில் நல்லா இருக்கே, தண்ணி பிடிச்சு வைக்கக் குடுத்துட்டுப் போங்கன்னு ஒரு அம்மா கேட்டாங்க.”

இதில் மிகை இல்லை. நெடுங்கரையில் பெண் பார்க்கப் போனால் எத்தனை பவுன் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை டிரம் என்பார்கள். குழாயில் காற்று சீறினால், தாலி கட்டப் போன மாப்பிள்ளையும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

“இப்ப என்ன செய்யறதா உத்தேசம்?”

“திங்கக்கிழமை லாரி விடுறேன். எல்லா டிரம்மும் பறிமுதல். அதுக்கு முன்னால வேற வழி இருந்தா சொல்லுங்க.”

“திங்கக்கிழமை வரைக்கும் இங்க இருங்க. மணி அடிச்சா சாப்பாடு.”

மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு.

முதல் நாள் உச்சிவெயிலில் அடித்தது. திருமேனி நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் விடியும் முன்பே அடித்துவிட்டது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனபோது பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

அடுத்த நாள் பொழுது சாயும்வரை சத்தமே இல்லை.

“அம்மா, இன்னைக்கு எப்ப அடிப்பீங்க?”

“அடிக்கும்போது கேக்கும்.”

ஒருநாள் பல் துலக்கும்போது அடித்தது. நெடுங்கரையின் சுகாதார அதிகாரி வாயில் நுரையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்றிலிருந்து பந்தியில் அவர் பசி கூடிப்போயிற்று.

“இன்னும் நாலு இட்லி வைங்கம்மா.”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“மலைக்காத்து. பசிக்குது.”

எறும்புகளுக்குச் சேதி போய்விட்டது. மலையிலிருந்து இறங்கிய வரிசை ரோட்டைக் கடந்து முடியட்டும் என்று டவுன் பஸ் காத்து நின்றதாம். கண்டக்டரே என்னிடம் சொன்னான்.

ஞாயிறு காலை, பூச்சியம்மா துடைப்பத்தோடு திருமேனியின் அறைக்குள் வந்தார்.

“பைக்குள்ள என்ன இருக்கு, அதிகாரி?”

“துணிமணி.”

“துணிக்கா இத்தனை எறும்பு?”

திருமேனி பையைத் திறந்தார். வேட்டி மடிப்புக்குள் இட்லி. துண்டுக்குள் வாழைப்பழம். சட்டைப்பையில் ஒரு உருண்டை வெல்லம்.

“சோத்தைப் பதுக்கினா எறும்பு வரும். இது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா.”

“யாராவது எறும்பைப் பிடிச்சு பாட்டில்ல போட்டுக் காட்டணுமா?”

திருமேனி இட்லியைத் திரும்ப வேட்டிக்குள் மடித்தார்.

“அறிவு இருக்கிற மனுஷன்தானே? தெரிஞ்சே எதுக்குப் பதுக்கினீங்க?”

“நீங்க மணி எப்ப அடிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்று சீறிவிட்டார் திருமேனி.

சீறிய வாய் அப்படியே திறந்து நின்றது.

பூச்சியம்மா பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பறிமுதல்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எறும்புகள் பின்னாலேயே போயின.

திருமேனி எழுந்து வாசலுக்கு வந்தார். பிறகு போனை எடுத்தார். லாரிக்காரரைக் கூப்பிடவில்லை. நெடுங்கரை தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறக்கும் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“சவரிமுத்து, நாளைக்கு எந்தத் தெருவுக்கு எப்ப தண்ணி விடுவே?”

“அது யாருக்கு சார் தெரியும்?” என்றது போன்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எங்கள் தெருவும் அந்த வால்வில்தான் இருக்கிறது.