இருபக்க ஆணை

மாந்தோப்பு நாட்டை ஆண்ட மேகவர்மருக்குப் புகழ் என்றால் கொள்ளை ஆசை. அரண்மனைக்கு லேசர் பிரின்டர் வந்ததும் அந்த ஆசை இரட்டிப்பாகிவிட்டது.

தாளைத் தானே திருப்பி இரண்டு பக்கமும் அச்சடிக்கும் பிரின்டர் அது. அதைக் கண்டதும் அமைச்சர் கும்பலிங்கனாருக்குச் சிக்கனம் பிறந்தது. தண்டோராக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். இனி அரச ஆணையெல்லாம் சுவரொட்டிதான். முன்பக்கம் முழுக்க மன்னரின் பட்டங்கள், பின்பக்கம் விஷயம். சிக்கனத்துக்குச் சிக்கனம், புகழுக்குப் புகழ்.

அச்சடிக்கும் வேலை விகடகவி ஏகாம்பரத்தின் தலையில் விழுந்தது.

"ஐயா, சுவரில் ஒட்டினால் பின்பக்கம்..." என்று இழுத்தார்.

"தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் உன் முதுகு காலியாக இருக்காது," என்றார் அமைச்சர்.

ஏகாம்பரம் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார். அவ்வளவு படித்த அமைச்சருக்குத் தெரியாததா?

மன்னரின் பிறந்தநாள் வந்தது. ஊருக்கே விருந்து. தெருவெல்லாம் மைதாப் பசை மணக்க ஆணையை ஒட்டினார்கள். ஜனங்கள் நின்று படித்தார்கள். 'சிங்கத்துக்கே சிங்கம், கருணைக் கடல்...' பாதியிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

அரண்மனையில் அண்டா அண்டாவாகச் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஈ காக்கை வரவில்லை. ஒரே ஒரு பசுமாடு ஏதோ தாளை மென்றபடி வந்தது. அதையும் காவலர்கள் விரட்டினார்கள்.

மன்னரின் முகம் கறுத்தது. "ஏன் யாரும் வரவில்லை?"

"ஏகாம்பரம் ஆணையை அச்சடிக்கவே இல்லை, அரசே," என்றார் அமைச்சர் கூசாமல்.

"பொழுது சாய்வதற்குள் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

ஏகாம்பரம் வீட்டை நினைத்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது? ஆனால் குரல் நடுங்கவில்லை. "போகிறேன், அரசே. எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது. விசாரித்துவிட்டு அனுப்புங்கள்."

விரட்டிய மாட்டையே பிடித்து வந்தார். அதன் வாயில் பாதிச் சுவரொட்டி தொங்கியது.

"மாடு என்ன சாட்சி சொல்லும்?" என்று அமைச்சர் சிரித்தார்.

ஏகாம்பரம் தாளை உருவித் திருப்பி மன்னரிடம் நீட்டினார். 'அனைவரும் விருந்துக்கு வருக' என்று பளிச்சென்று இருந்தது.

"அச்சடித்துத்தானே இருக்கிறாய்? பிறகு ஏன் யாரும் வரவில்லை?"

"இந்தப் பக்கத்தைச் சுவர்தான் படித்தது, அரசே. பசைக்காகக் கிழித்த இந்த மாடு மட்டும்தான் தங்கள் ஆணையை இரண்டு பக்கமும் பார்த்த பிரஜை. பார்த்தது, மரியாதையாக விருந்துக்கு வந்தது. நாம்தான் விரட்டிவிட்டோம்."

மன்னர் தாளைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய முத்துமாலை ஏகாம்பரத்தின் கழுத்துக்கு வந்தது. தண்டோராக்காரர் ஓடிவந்து ஊரை அழைத்தார்.

பந்தியில் முதல் இலை மாட்டுக்கு. அடுத்தது அமைச்சருக்கு. ஏகாம்பரமே பணிவாகச் சோறு போட்டுச் சாம்பாரும் ஊற்றினார். பிறகு அந்த இலையை அப்படியே திருப்பிப் போட்டார்.

"ஐயோ, என்ன செய்கிறாய்?" என்று பதறினார் அமைச்சர்.

"பின்பக்கம் காலியாக இருக்கிறதே, ஐயா," என்றார் ஏகாம்பரம், கரண்டியை எடுத்துக்கொண்டு.