நரிப்பள்ளம் நகராட்சியில் சேர்ந்த கதை

மட்டிப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் துளிகூட உடன்பாடு கிடையாது. முட்டாள் என்பவன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். மட்டிப்பாளையத்தார் சொன்னதைச் சொன்னபடி, அச்சு மாறாமல் கேட்கிறவர்கள். அவர்களிடம் எதையாவது சொல்லிவைத்தவர்கள்தான் பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருவர். வயது முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆள் தங்கமான ஆள். தோட்டம் உண்டு, கிணறு உண்டு, தலையில் முடிகூடப் பாதிக்கு மேல் உண்டு. பக்கத்து டவுனான வாகையூரில் மளிகைக்கடை வைத்திருந்த திருமூர்த்தியின் மகள் வசந்தாமணி மேல் அவருக்கு ஒரு நினைப்பு. அவளுக்கும் இவர்மேல் இருந்தது. இவர் புளி வாங்கப் போனால் கொட்டை எடுத்த புளியாகப் பார்த்துக் கட்டிக் கொடுப்பாள். மளிகைக்கடையில் இதற்குமேல் அன்பு காட்ட வழி கிடையாது.

ஆனால் திருமூர்த்தி ஒரே பிடியாக நின்றார். நகராட்சி எல்லையைத் தாண்டி என் மகள் வாழப் போகமாட்டாள், உங்கள் வீடு எல்லைக்குள் வரட்டும், மறுநாளே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அவர் வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். கடனைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் கறாரான மனுஷன்.

நாச்சிமுத்துவின் நல்ல நேரமோ என்னவோ, அந்த வருஷமே நகராட்சியை விரிவுபடுத்தும் பேச்சு வந்தது. டவுனுக்கும் மட்டிப்பாளையத்துக்கும் நடுவில் நரிப்பள்ளம் என்று ஒரு புதர்க்காடு கிடந்தது. முதலில் அதை நகராட்சியில் சேர்த்து, காடு என்று இருப்பதைக் குடியிருப்பு என்று வகை மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் மட்டிப்பாளையத்தின் முறை வரும். அதற்கு முன்னால் அங்கே காட்டு ஜீவன்கள் குடியிருக்கின்றனவா என்று சட்டப்படி பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்கு வனத்துறையிலிருந்து வனவர் அம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார்.

அந்தம்மா பஞ்சாயத்துத் தலைவர் சென்னியப்பனைக் கூப்பிட்டு, நான் பார்க்கிறது இருக்கட்டும், ஊர்க்காரர்கள் நீங்களும் ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே நீங்கள் இருப்பதே அதுகளுக்குத் தெரியக் கூடாது.

ஊர் கூடி இதை ஆலோசித்தது. தெரியாமல் இருப்பது எப்படி? மரத்தின் பின்னால் நிற்கலாம் என்றார் ஒருவர். மரத்துக்கு அந்தப் பக்கம் நரி இருந்தால் என்று கேட்டார் இன்னொருவர். கடைசியில் ஆறுச்சாமி எழுந்தார். கம்பளியை விட்டுப் பிரியாத மனுஷன். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டுதான் இருப்பார்.

“நான் நரியைப் பார்த்த அன்னைக்கெல்லாம் நரியும் என்னைப் பார்த்திருக்குதுங்க. நான் பார்க்காத அன்னைக்கு அது என்னைப் பார்த்ததா எனக்குத் தெரியவே இல்லைங்க.”

இப்படி ஒரு மூளையை ஊருக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நேரம் முழித்தோம் என்று சென்னியப்பன் கண் கலங்கினார். மறுநாள் காலையில் ஆம்பிளை பொம்பிளை எல்லோரும் துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு நரிப்பள்ளத்துக்குள் இறங்கினார்கள்.

நாச்சிமுத்து கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். முள் கீறியது, பள்ளத்தில் கால் போனது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒன்றும் தட்டுப்படவில்லை, ஒன்றும் தட்டுப்படவில்லை என்று ஒவ்வொரு எட்டுக்கும் அவர் மனசு குளிர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் கையில் ஏதோ சொரசொரவென்று மயிராக அகப்பட்டது. தடவிப் பார்த்தார். முதுகு அகலமாக இருந்தது, உறுமியது. கரடி என்று முடிவு செய்து பயத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கரையேறியதும் நெஞ்சு விம்ம விஷயத்தைச் சொன்னார். ஆறுச்சாமியும் முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்து நின்றார். தன்னையும் ஒரு கரடி பின்னாலிருந்து கட்டிப்பிடித்தது என்றார். ஆக நரிப்பள்ளத்தில் கரடி இரண்டு, அதுவும் மனுஷர்மேல் பாசமான கரடி என்று வனவர் அம்மாவிடம் சொல்லியனுப்பினார்கள். நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கரடி இருக்கிற இடத்தை யார் குடியிருப்பு ஆக்குவார்கள்? வசந்தாமணியை இனி வேறு யாரோ ஒருத்தன் கட்டிக்கொண்டு போவான், அவனுக்குப் புளியின் அருமை தெரியுமா என்று புலம்பினார்.

அந்தம்மா வந்து கரடியை நம்பவில்லை. ஆனால் நரி, முயல், மயில், உடும்பு எல்லாம் இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னார். நாச்சிமுத்து அவர் ஜீப்பின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

“வேற வழியே இல்லைங்களா அம்மா? என் வாழ்க்கையே இதுலதான் நிக்குதுங்க.”

அந்தம்மாவுக்கே மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது என்று சொன்னார். இதே அளவுக்குப் பக்கத்திலேயே வேறு இடம் கொடுக்க வேண்டும். அங்கே மனுஷ நடமாட்டம் இருக்கக் கூடாது. இந்த ஜீவன்கள் தாமாகவே அங்கே போய்க் குடியேறியிருக்க வேண்டும். நடக்காத காரியம் என்கிற தைரியத்தில்தான் பாவம் அவர் அதைச் சொன்னார்.

மறுபடி ஊர் கூடியது. அதே அளவுக்கு இடம் எங்கே என்று தேடினார்கள். வடக்கே கல் குவாரி, தெற்கே சாயப்பட்டறை. கடைசியில் பார்த்தால் சரியாக அதே அளவுக்கு அவர்கள் கையில் இருந்தது மட்டிப்பாளையம்தான்.

“ஊரையே குடுத்துட்டா நாம எங்கீங்க போறது?” என்று ஒருவர் கேட்டார்.

“அதுக்குத்தான் நரிப்பள்ளம் காலியாகுதில்ல?” என்றார் சென்னியப்பன்.

எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது பாருங்கள். இருந்தாலும் வார்டு உறுப்பினர் மயிலாத்தாள் கையைத் தூக்கினார். அந்த அம்மாள் எதையும் யோசித்துப் பேசுகிறவர். நரிக்குத் தாழ்ப்பாள் எடுக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாதுதான். அதனால் வீட்டுக்கு வீடு கதவை நிலையோடு பெயர்த்து எடுத்துவிடுவது என்று தீர்மானமானது.

அந்தப் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். அதனால் வளைக்கு வளை, புதருக்குப் புதர் போய், ஊரோடு வந்து இருக்கவேண்டும் என்று சொல்லி வெற்றிலை பாக்கு வைத்தார்கள். மயிலுக்கு மரத்தடியில் வைத்தார்கள். உடும்பு நேரில் இருந்ததால் கையிலேயே கொடுக்கப் பார்த்து, கடி வாங்கினார் சென்னியப்பன். பிறகு சட்டி பானையோடு ஆளாளுக்குக் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு நரிப்பள்ளத்தில் போய் இறங்கினார்கள்.

மனுஷர் சத்தம் கேட்டதும் அங்கிருந்த ஜீவன்கள் எல்லாம் ஓட்டம் பிடித்தன. எங்கே ஓடும்? கதவே இல்லாமல் வீடுகளும், விட்டுப்போன கோழிகளும், குதிரில் கம்பும் சோளமுமாக ஒரு ஊர் காலியாகக் கிடக்கிறதே, அங்கேதான் ஓடின. வனவர் அம்மா வந்து பார்த்தபோது பஞ்சாயத்து ஆபீஸில் நரி குட்டி போட்டிருந்தது. ரேஷன் கடையில் மயில். அந்தம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்து சட்டத்தை முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இனிமேல் இந்த ஊருக்குள் ஒரு ஆள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நரிப்பள்ளம் நகராட்சியில் சேர்ந்தது. கொண்டுவந்த கதவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆளுக்கொரு இடத்தில் நிலையோடு நட்டு, கதவுக்குப் பின்னால் வெறும் மண்ணில் பாயைப் போட்டுக் குடித்தனம் பண்ண ஆரம்பித்தார்கள். டவுனில் திருட்டு பயம் ஜாஸ்தி, உள்ளே இருந்தாலும் பூட்டிக்கொண்டு இருங்கள் என்று சென்னியப்பன் வேறு சொல்லிவைத்திருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. நாச்சிமுத்து புது வேட்டி கட்டிக்கொண்டு, கதவை உள்பக்கம், சாவியில்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்கிற அமுக்குப் பூட்டால் பூட்டிவிட்டு, பாயில் உட்கார்ந்து காத்திருந்தார். நல்ல நேரம் பிறந்ததும் திருமூர்த்தி தாம்பூலத் தட்டும் மகளும் உறவுமாக வந்து கதவைத் தட்டினார். அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. சாவி பழைய வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அங்கேதான் யாரும் கால் வைக்கக் கூடாதே.

நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மாமனார், இந்தப் பக்கம் மாப்பிள்ளை, இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது. வசந்தாமணி பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, கதவைச் சுற்றி நடந்துவந்து, நாச்சிமுத்துவின் எதிரில் நின்றாள்.

நாச்சிமுத்து பதறிப்போய் எழுந்தார். அவருக்கு அவள்மேல் உயிர்தான். அதற்காக முறை என்று ஒன்று இல்லையா?

“வசந்தாமணி, நிச்சயம் ஆகாத பொண்ணு வாசல் இல்லாத வழியில வந்தா ஊரு என்ன பேசும்? போயி வாசல் வழியா வா, கண்ணு.”

வெளியே இருந்து அதைக் கேட்ட திருமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. மாப்பிள்ளை என்றால் இவரல்லவா மாப்பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். வசந்தாமணி சுற்றிப்போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சரி, தாம்பூலத்தையாவது மாற்றிக்கொள்ளலாம் என்று கதவின் அடியில் வெற்றிலையை ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். பாக்கு உருண்டு வந்தது. மஞ்சள் வந்தது. தேங்காய் மட்டும் வரமாட்டேன் என்றது. தேங்காய் இல்லாமல் என்ன நிச்சயம்? உடைத்துத் தள்ளலாம் என்றால் அபசகுனம். ஊரே கூடி நின்று வாதாடியதில், வேறு வழியில்லை, கதவை ஒட்டிய சுவரை இடித்துத்தான் தேங்காயை உள்ளே அனுப்பவேண்டும் என்று முடிவானது. நகராட்சி ஆயிற்றே, இடிக்க அனுமதி வாங்க வேண்டாமா? ஆளனுப்பிக் கேட்டார்கள்.

நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“இந்த இடத்துல சுவரே இல்லைனுதான் இதுல இருக்கு. யாரைக் கேட்டுக் கட்டினீங்க? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்தாகணும்” என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவு என்றால் உத்தரவுதான். கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஊரே இறங்கியது. இருந்த சுவரெல்லாம் இடித்து, கூடை கூடையாகச் சுமந்து தூரக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆறுச்சாமிக்குத் தூசியில் இருமல் நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்துக்கு வேலை முடிந்தது. நாச்சிமுத்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தேங்காய்க்காக இரண்டு கையையும் நீட்டினார்.

திருமூர்த்தி தேங்காயைக் கொடுக்கவில்லை. நிலையும் கதவும் மட்டும் தனியாக நிற்பதை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

“காலையில வந்தப்ப வீடு நல்லாத்தானுங்க இருந்துச்சு,” என்றார். “இப்ப இருந்த சுவத்தையெல்லாம் இடிச்சுப்போட்டு நிக்கறீங்க. இந்த வெட்டவெளியில எப்படிங்க எம்பொண்ணைக் குடுக்கறது?”