மூங்கில் மடுவின் ரகசியக் குரல்கள்

முதலில் தவறு செய்தவை மந்திகள். நெல்லி காய்த்த பருவத்தில் மரத்தை வளைத்துக்கொண்டு, உதிர்ந்த காயைக்கூட மான்களுக்கு விடவில்லை. அடுத்துத் தவறு செய்தவை மான்கள். கோடையில் மூங்கில் மடுவுக்குள் மந்தையாக இறங்கித் தண்ணீரைச் சேறாக்கின. மயில்கள் தாகத்தோடு திரும்பின. அதற்கடுத்து மயில்கள். மந்திகள் உறங்கும் மருத மரத்தில் கூட்டமாக வந்து அடைந்து, விடிய விடிய அகவின. மந்திக் குட்டிகள் கண் மூடவில்லை.

இந்த வரிசை மடுவைச் சுற்றி வாழ்ந்த எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு இனமும் தனக்கு நேர்ந்த அநீதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

மரமெல்லாம் மந்திகளின் நாடு. புல்வெளி மான்களின் நாடு. பாறை மயில்களின் நாடு. ஆயிரம் சண்டை இருந்தாலும் ஒரு நல்ல வழக்கம் மட்டும் அங்கே அழியாமல் இருந்தது. சிறுத்தை வருவதை யார் முதலில் அறிந்தாலும் உரக்கக் கத்துவார்கள். மந்தியின் 'கக்! கக்!' கேட்டால் மான் ஓடும். மான் கத்தினால் மயில் பறக்கும். மயில் அலறினால் மந்தி உச்சிக்கு ஏறும். சிறுத்தை பெரும்பாலும் வெறும் வயிற்றோடு திரும்பும்.

மந்திகளின் காவலன் பெயர் கருமுகன். மருத மரத்தின் உச்சிக் கிளை அவனுடையது. தன் கண்ணைப் பற்றி அவனுக்குப் பெருமை தாங்காது. பேச வாய்ப்புக் கிடைத்தால் விடவும் மாட்டான். அந்தக் கோடையில் மந்திகளின் கூட்டத்தில் எழுந்து முழங்கினான்.

"பார்க்கிற கண் யாருடையது? நம்முடையது! ஓடிப் பிழைக்கிறது யாரு? மான்! நெல்லிக்காய் தின்றால் நமக்குக் கண்டனம். நம் கத்தல் மட்டும் அவங்களுக்கு இலவசமா?"

"அப்படிக் கேள்!" என்றார் மந்தித் தலைவர்.

"இனி நம் எச்சரிக்கை நமக்கு மட்டும்! புறா முனகுகிற மாதிரி ஒரு புதுக் குரல் செய்திருக்கிறேன். வேற்று நாட்டானுக்கு ஒரு மண்ணும் விளங்காது!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செய்தி மயில்களுக்குப் போனது. அவையும் ஒரு ரகசியக் குரல் செய்துகொண்டன. மான்கள் குளம்பால் தரையைத் தட்டும் சைகைக்கு மாறின. கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டன: 'மந்தியின் பழைய கத்தலை இனி நம்பக் கூடாது. நம்மை விரட்டிவிட்டு நெல்லிக்காயைப் பொறுக்கும் சூழ்ச்சி அது.'

ஆள்காட்டிக் குருவி ஒன்று மடுவின் கரையில் வெறும் தரையில் முட்டையிட்டு வாழ்ந்தது. அது மூன்று கூட்டத்துக்கும் போய் மன்றாடியது.

"சிறுத்தை உங்க எல்லையைக் கேட்டுக்கிட்டா வருது? அதுக்கு நாடு ஒண்ணுதான், பசி!"

"நீ முதலில் எந்த நாடு, அதைச் சொல்!" என்று மடக்கினான் கருமுகன். கூட்டம் சிரித்தது. நாடில்லாத குருவியை மூன்று இனமும் விரட்டிவிட்டன. மூன்றும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

கருமுகனின் மரத்தடிக்குத் தினமும் ஒரு மான்குட்டி வரும். பெயர் அரும்பு. அவன் உதிர்க்கும் இளந்தளிர் என்றால் அவளுக்கு உயிர்.

"மாமா! இன்னைக்கு என்ன போடுவீங்க?"

"வெளிநாட்டுக்கு ஒண்ணும் கிடையாது. போ, போ!"

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க? அப்புறம் போட்டீங்களே!"

கருமுகன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கை மட்டும் ஒரு கொத்தை ஒடித்துக் கீழே போடும்.

ஒரு பிற்பகல், அரும்பு அப்படித் தளிரை மென்றுகொண்டிருந்தாள். பாறையிலிருந்து ஏதோ ஒரு விசித்திர ஒலி வந்தது. மயில்களின் புதுக் குரல்! யாருக்கும் விளங்கவில்லை. சற்று நேரத்தில், காற்று ஒரு பக்கம் வீச, புல் மறுபக்கம் அசைவதைக் கருமுகன் கண்டான். புள்ளி போட்ட முதுகு ஒன்று தெரிந்தது.

சட்டப்படி புறாவைப் போல முனகினான். மந்திகள் எல்லாம் உச்சிக்கு ஏறின.

அரும்பு தலையைத் தூக்கிப் பார்த்தாள். "மாமா, பாட்டுப் பாடுறீங்களா?"

மந்தித் தலைவர் எதிர்க் கிளையிலிருந்து கருமுகனையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் தயங்கினான். பிறகு சட்டத்தையும் தீர்மானத்தையும் உதறிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். "கக்! கக்! ஓடு, அரும்பு! ஓடு!"

அவள் அசையவில்லை. "இந்தக் கத்தலுக்கு ஓடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, மாமா," என்றாள்.

அவள் வாயில் பாதித் தளிர் இருந்தது. சிறுத்தை பாய்ந்தது.

போகும்போது அது மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. "மயில் கத்துச்சு, நீங்களும் கத்துனீங்க, மான் ஓடல. இப்படியே நல்லா இருங்க!" என்றது.

மறுநாள் மடுவின் கரையில் மூன்று நாடுகளின் கூட்டம் கூடியது. வழக்கம்போல் குற்ற வரிசையில்தான் தொடங்கியது. மான்களின் தலைவர் முக்கிளையார் கொம்பை ஆட்டிக்கொண்டு கர்ஜித்தார்.

"இது மந்திகளின் இரண்டாவது குற்றம்! எழுதிக்கொள்ளுங்கள்!"

"எங்க ஆள் கத்தினான். ஓடாதேன்னு தீர்மானம் போட்டது யாரு?" என்று எகிறினார் மந்தித் தலைவர்.

"நாங்கள்தான் முதலில் குரல் கொடுத்தோம்! எங்களுக்கு நன்றித் தீர்மானம் வேண்டும்!" என்றது மூத்த மயில்.

அரும்பின் தாய் செவ்வரி ஓரமாக நின்றிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கருமுகன் மரத்தை விட்டு இறங்கினான். காவலன் தரையில் கால் வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. செவ்வரியின் முன்னால் போய் நின்றான்.

"தங்கச்சி, அந்தக் குரலைச் செஞ்சது நான்தான்," என்று மட்டும் சொன்னான்.

"ஓடாதேன்னு சொல்லிக் கொடுத்தது நான்தானே, அண்ணா," என்றாள் அவள்.

கருமுகன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "உங்க வரிசை எல்லாம் முடிஞ்சதா? அதுல ஒரு பெயர் விட்டுப்போச்சு. நான் வாசிக்கிறேன். மரம், புல், பாறை, மூணும் சாட்சி!" என்றான். பிறகு, பழைய எச்சரிக்கைக் குரலில், காடு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கூவினான்.

"அரும்பு!"

அந்தக் கோடையில் மூன்று நாடுகளுக்கும் விளங்கிய முதல் சொல் அதுதான்.

எல்லோருக்கும் பொதுவாக வரும் ஆபத்தில், தன் நாட்டை மட்டும் காத்துக்கொள்ள நினைக்கும் எந்த நாடும் கடைசியில் எவரையும் காப்பாற்றுவதில்லை.