சுடலைக்கண்ணுவின் நல்ல முட்டி

நொச்சிக்குளம் கபடி அணித் தலைவர் சுடலைக்கண்ணுவுக்கு வலது முட்டி சுரைக்காய் கணக்காக வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். அவர் இல்லாமல் இறங்கினால் அணி தோற்கும். இறங்கினாலும் தோற்கும்தான்; ஆனால் தலைவரோடு தோற்பதில் ஒரு மரியாதை இருந்தது.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். “எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. சன்ரைஸ் வியூ ஒண்ணு, பாரம் தாங்கி நின்ன மாதிரி ஒண்ணு. ஒத்துப் பாக்க நல்ல முட்டியையும் எடுக்கச் சொல்லுங்க.”

“சன்ரைஸ்னா சூரிய உதயம்,” என்றான் அணியிலேயே எட்டாவது வரை போயிருந்த பெத்தையா.

மறுநாள் விடியுமுன்னே சுடலைக்கண்ணு, பெத்தையா, இன்னொரு ஆட்டக்காரன் மந்திரம் மூவரும் எக்ஸ்ரே நிலையத்து மொட்டை மாடியில் இருந்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக்கட்டி, முட்டியைக் கிழக்கே காட்டி உட்கார்ந்தார். சூரியன் வந்துவிட்டது. எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

“மேகம் மூடுனா என்ன செய்வாங்க அண்ணாச்சி?” என்றான் மந்திரம்.

“மழைக்காலத்துல யாருக்கும் முட்டி வலிக்காதுலே.”

எக்ஸ்ரே எடுக்கும் ஜெபராணி வந்து அவர்களைக் கீழே இறக்கினாள். முட்டியை மடக்கி எடுத்தால் மூட்டுச்சில்லு உதிக்கிற சூரியன் மாதிரித் தெரியும், அதனால்தான் அந்தப் பெயர் என்றாள்.

“மாடியில எடுத்திருந்தா ரெண்டு சூரியன் விழுந்திருக்கும்,” என்று வருத்தப்பட்டான் பெத்தையா.

அடுத்தது நின்ற படம். “பாரம் பூரா அந்தக் கால்ல இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவள் மெஷின் பக்கம் போனாள். திரும்பிப் பார்த்தால் தலைவர் முதுகில் பெத்தையா, பெத்தையா தோளில் மந்திரம்.

“அவரோட பாரத்தைச் சொன்னேன்.”

“நாங்க அவரோட ஆளுங்கதாம்மா.”

கடைசியில், “நல்ல முட்டியை இந்தத் திரைக்கு இங்கிட்டு நீட்டுங்க,” என்றாள். திரைக்குப் பின்னால் சுடலைக்கண்ணு தன் இடது முட்டியைப் பார்த்தார். ஊர்ப்பட்ட தழும்பு. இதைப் போய் நல்ல முட்டி என்று நீட்ட மனசு ஒப்பவில்லை.

“என்னோடது சுமார்தான். மந்திரம், நீ நீட்டுலே.”

மந்திரத்தின் முட்டி விளக்கி வைத்த செம்பு மாதிரி இருக்கும். நீட்டினான்.

படங்களைப் பார்த்த டாக்டருக்கு ஒரே குழப்பம். “வலிக்கிற முட்டியில எலும்பு சுத்தமா இருக்கு, வெறும் வீக்கம். நல்ல முட்டியிலதான் கீறல். அதுக்கு மாவுக்கட்டு போட்டுருங்க. காலைத் தரையில ஊனவே கூடாது.”

அதுவரை வலிக்காத கால், சேதி கேட்டதும் மந்திரத்துக்கு வலிக்கத் தொடங்கியது. அவன் காலுக்குக் கட்டுப் போட்டதும், சுடலைக்கண்ணு நொண்டி நொண்டி அவனை முதுகில் சுமந்து ஊர் வந்து சேர்ந்தார். தன் வலிக்குக் காரணம் அவன் காலில் ஒளிந்திருந்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கண்டுபிடித்தாகிவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை மந்திரத்தைச் சுமந்தபடியே எதிரணிப் பக்கம் கபடி பாடப் போனார். நடுவர் விசிலை ஊதி, ரெண்டு பேர் வரக்கூடாது என்று நிறுத்தினார்.

சுடலைக்கண்ணு பொறுமையாகச் சொன்னார்: “தரையில எத்தனை கால் இருக்குன்னு எண்ணிப் பாரும்வே. ஒரு ஆளுதான்.”

நடுவர் குனிந்து எண்ணினார். ரெண்டுதான் இருந்தது. ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.