நண்டிடம் கேட்ட யானை

நாவல்குட்டைக் கரையில் சேந்தி என்றொரு நண்டு இருந்தாள். கரையோரம் ஈரம் காயாத மணல்திட்டு ஒன்று உண்டு. அதுதான் அவள் வீடு, அதுதான் அவள் பெருமை.

கோடை வந்தால் குட்டையைச் சுற்றிப் புல் கருகிவிடும். குட்டையை அண்டி வாழும் மந்தை மேய வேண்டுமென்றால் காட்டைக் கடந்து கீழ்ப்புல்வெளிக்குத்தான் போக வேண்டும். வழியெல்லாம் வேடர்கள் கண்ணி வைத்திருப்பார்கள். இன்று இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது.

அதையெல்லாம் பார்க்க முடிந்தவர் ஒருவர்தான். மலையுச்சியில் இருந்த கிழட்டு யானை. எல்லோருக்கும் அவர் மலையய்யா. முழங்கால் போய்விட்டதால் அவரால் இறங்கி வர முடியாது. கண் மட்டும் கழுகுக் கண். யானைக்குக் கழுகுக் கண்ணா என்று கேட்காதீர்கள், இந்த யானைக்கு இருந்தது.

அவருக்குத் தூது போனவன் ரெட்டைவாலன் என்ற கரிச்சான் குருவி. ஒரு தடவைக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் அவன் மண்டையில் நிற்காது. காலையில் வந்ததும் அவன் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"அக்கா, மலையய்யா கேக்குறாரு. இன்னைக்கு வரையலாமா?"

"வரையலாம், சொல்லு" என்பாள் சேந்தி.

பிறகு அவன் பறந்து பறந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவருவான். பாறையிலிருந்து நாவல்மரம்வரை ஒரு கோடு, மரத்துக்கு வடக்கே ஒரு வட்டம், இப்படி. சேந்தி கொடுக்கால் மணலில் கீறுவாள். கோடு பாதையா ஓடையா, வட்டம் கண்ணியா கிணறா என்று அவள் கேட்டதே இல்லை. அது மலையய்யா பாடு. எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு என்பது அவள் பாடு.

மான் ஒன்று படத்தின்மேல் குளம்பை வைத்து, இப்படிப் போகலாமா என்று கேட்டால், குளம்பு பட்ட இடத்தைப் பிசகாமல் குருவியிடம் சொல்லி அனுப்புவாள். மேலிருந்து பதில் வரும். பழைய கோட்டை அழித்துப் புதிதாகப் போடுவாள். மலையய்யா அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. சேந்தி அந்தக் காட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் மந்தை தினமும் உயிரோடு திரும்பியது.

நன்றியெல்லாம் போனது என்னவோ மலைக்குத்தான். "அய்யா கொடுக்கிறார், நண்டு வாங்கிப் பிழைக்கிறது" என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெரியவர், அதிலும் உயரத்தில் இருப்பவர், அவர்தானே கொடுப்பவராக இருக்க முடியும்!

குட்டைக்குத் தலைவன் கோரையன் என்ற காட்டுப்பன்றி. கெட்டவனில்லை. தன் பெருமைதான் கொஞ்சம் அதிகம். ஒருநாள் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. தினமும் எல்லோரும் பார்க்கிற படத்தில், நட்டநடுவில், தலைவரின் காலடித் தடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சேந்தி முடியாது என்றாள். கொக்குகூட மீன் கணக்குப் போட ஒரு மூலையை வாங்கியிருக்கிறது, அதுபோல ஓரத்தில் இடம் தருகிறேன், வழியின்மேல் தரமாட்டேன் என்று பொறுமையாகச் சொன்னாள்.

கோரையனுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "இடம் குடுக்க நீ யாரு? படம் மலையய்யாவோடது. அவரு போடுற பிச்சையில கோடு கிழிக்கிறவ நீ!" என்று உறுமினான். திட்டை மூக்கால் உழுது தள்ளினான். சேந்தியைக் காய்ந்த சேற்றுப் பக்கம் விரட்டிவிட்டான்.

மறுநாள் காலையில் குருவி வந்தான், மணலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். கேட்க ஆளில்லை. திரும்பிப் போய்விட்டான். படம் வரவில்லையே என்று மந்தை தவித்தது. சினையாக இருந்த புள்ளிமான் மருதிக்குப் பசி பொறுக்கவில்லை. நேற்றைய வழிதான் மனதில் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டாள். கோரையனோ, கோளாறு மேலேதான் இருக்கும் என்று முடிவு கட்டி, மலையேறப் போய்விட்டான்.

சேற்று வளையில் சேந்திக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் எழுந்தாள்.

கண்டால் பன்றி கொன்றுவிடும் என்று தவளைகள் தடுத்தன. அவள் நிற்கவில்லை. உழுது கிடந்த மணலை அங்குலம் அங்குலமாக நிரவினாள். காய்ந்த இடத்துக்கு நாவல் இலையில் தண்ணீரை இழுத்து வந்து ஊற்றினாள். வெயிலில் ஓடு கொதித்தது. ஒரு கால் முறிந்தது. மிச்சக் கால்கள் இருக்கின்றனவே என்று வேலையைத் தொடர்ந்தாள்.

மலையில் நடந்ததைக் குருவி பிறகுதான், பல நடை பறந்து, ஒவ்வொரு வாக்கியமாக அவளிடம் சொன்னான். கோரையன் விழுந்து கும்பிட்டு, படம் நின்றுவிட்டது, அய்யாதான் மனசு வைத்து அனுப்ப வேண்டும் என்றானாம். யானை அவனை வியப்பாகப் பார்த்ததாம்.

"என்கிட்ட ஏதுப்பா படம்? நான் பாக்குறவன், அவ்வளவுதான். மணல் அவளோடது. தினம் அவ வாசல்ல கேட்டு நிக்கிறவன் நான். குடுக்குறவ அவ."

அப்போதுதான் யானை கீழே பார்த்தது. மருதி கண்ணியில் துடித்துக்கொண்டிருந்தாள். வேடன் வேறு புறப்பட்டுவிட்டான். வழியை இங்கேயே சொல்லுங்கள் என்று கெஞ்சினான் கோரையன். அவன் போய்ச் சேர்வதற்குள் வேடன் இடம் மாறுவான், வழியும் மாறும், ஓடிப்போய்ச் சேந்தியைப் பார் என்றது யானை.

வாயில் நுரை தள்ள ஓடிவந்தவனைச் சேந்தி கண்டாள். பின்வாங்கவில்லை.

"தலைவரே, மிதிக்கணும்னா என்னை மிதிங்க. மணலை மிதிக்காதீங்க."

கோரையன் திட்டுக்கு வெளியிலேயே நின்றான். குருவி வந்து இறங்கினான். மானின் உயிர் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவன் மறக்காமல் கேட்டான்.

"அக்கா, மலையய்யா கேக்குறாரு. வரையலாமா?"

தினமும் காதில் விழுந்த அந்தக் கேள்வியைக் கோரையன் அன்றைக்குத்தான் கவனித்தான்.

"வரையலாம், சீக்கிரம் சொல்லு" என்றாள் சேந்தி.

கோடுகள் விழுந்தன. கோரையன் ஒரு வளைவில் குளம்பை வைத்து இதுவா என்றான். அவள் அந்த இடத்தைச் சொல்லி அனுப்பினாள். இல்லை என்று பதில் வந்ததும் அழித்து வேறு கோடு போட்டாள். கோரையன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான். வேடன் வருமுன் கயிற்றைக் கோரைப்பல்லால் அறுத்தான். பொழுது சாயும்போது மருதி நொண்டிக்கொண்டு திரும்பினாள். வயிற்றுக் குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கோரையன் திட்டின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றான். "சேந்தி, ஓரத்துல எனக்குக் கொஞ்சம் இடம் குடுப்பியா?"

"கேட்டா குடுக்காம இருப்பேனா, வாங்க" என்றாள் அவள்.

கணினிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சில அமைப்புகளில், எங்கோ ஒரு பெரிய கணினியில் ஓடும் நிரல், நம் மேசையில் இருக்கும் சின்னக் கணினியிடம்தான் திரையில் ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்கிறது. அந்த வேலையில் பெரியது கேட்கும் வாடிக்கையாளர் (கிளையன்ட்), சின்னதே கொடுக்கும் வழங்கி (சர்வர்).

உருவத்தையும் உயரத்தையும் பார்த்துக் கொடுப்பவர் யாரென்று முடிவு கட்டாதே, பொருள் யார் கையில் இருக்கிறது, யார் வந்து கேட்கிறார் என்பதைப் பார்.