லாஹென் தன் வாலைக் கடித்த கதை

அந்தக் காலத்தில் ஜெர்மானியக் காட்டில் வினைச்சொற்களெல்லாம் அணில் அளவுப் பிராணிகள். வாய் பேசும். எல்லாவற்றுக்கும் பின்னால், பெயரின் கடைசி ஓசையாக, ‘என்’ என்று ஒரே மாதிரி வால். யார் கூப்பிட்டாலும் அதே வாலோடு போகும். யாருக்காகப் போனது என்று வாலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காட்டோரத்தில் ஹில்டே என்பவளுக்கு இஷ், டூ, ஏர் என்று மூன்று பிள்ளைகள். நம் பாஷையில் நான், நீ, அவன். ஒரு பனிக்கால மதியம், சூப்புப் பானையோடு அவள் வாசலில் வழுக்கி விழுந்தாள். அன்றைய சாப்பாடே அதுதான். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்புப் பிராணி லாஹென் வெளியே துள்ளி வந்தது. வேலியோரம் நின்ற ஊர்க்கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

“பெத்தவ விழுந்து கிடக்கேன், எவன்டா முதல்ல சிரிச்சது?”

“நானில்லம்மா,” என்றான் இஷ். ஏரும் அதையே சொன்னான். டூ வாய் திறப்பதற்குள், “எப்பவும் பல்லைக் காட்டுறவன் நீதானே!” என்று அவனைப் பனியில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

சிரித்தவன் இஷ். லாஹெனுக்குத் தெரியும். வெளியே டூ நடுங்க நடுங்க, அதற்கு உடம்பெல்லாம் கூசியது.

“சொல்லிடு இஷ்.”

“சும்மா கிட. உன் வாலைப் பார்த்து யாருக்குத் தெரியப்போகுது?”

அதற்குமேல் லாஹெனால் தாங்க முடியவில்லை. வால் நுனியைத் தானே கடித்துத் துப்பியது. ‘எ’ மட்டும் மிஞ்சியது. அப்படியே ஹில்டே முன்னால் போய் நின்றது.

“இஷ் லாஹெ. சிரிச்சது இவன்தான். இனிமே இவன் கூப்பிட்டா இந்த மொட்டை வாலோடதான் வருவேன்.”

ஹில்டே கதவைத் திறந்து ஓடினாள். விறைத்துப்போன டூவை அணைத்தபோது அவனை ஏறிட்டுப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அவன் செஞ்சது இனி என் தலையில விழக்கூடாது. எனக்குத் தனி வால் வேணும்,” என்றான் டூ. லாஹென் அவனுக்கு ‘ஸ்ட்’ என்று ஒரு வால் வைத்துக்கொண்டது. ஏருக்கு ‘ட்’. கூட்டத்திலிருந்து ஈர், அதாவது நீங்கள், தலைகுனிந்து வந்து அதே ‘ட்’டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வீர் என்கிற நாங்களும் ஸீ என்கிற அவர்களும் நகரவே இல்லை. “கூட்டத்தோட சிரிச்சோம். எங்களுக்கு என்ன?”

அன்று முதல்தான், காட்டுக்குள் ஓடிப்போன சில முரட்டு வினைகள் தவிர, அங்கே எல்லா வினைகளும் லாஹெனைப் பார்த்து ஆளுக்கேற்ற வாலோடு வருகின்றன. வெட்கமில்லாத கூட்டத்துக்கு மட்டும் பழைய ‘என்’. இஷ்ஷோ, வாக்கியத்தின் நடுவில் எங்கே நின்றாலும், ஆங்கிலத்து ‘ஐ’ மாதிரிப் பெரிய எழுத்தாக நிமிராமல், சின்ன எழுத்தாகக் குனிந்தே நிற்கிறான்.