முதலாளிக்கு ஏற்ற கன்ட்ரோலர்

தூத்துக்குடியில் வீடியோ கேம் சென்டர் வைத்திருந்த தனுஷ்கோடி முதலாளி, கார் ரேஸில் தோற்றால் கன்ட்ரோலரைத்தான் திட்டுவார். ஒன்று கனமாம், ஒன்று வழுக்குதாம், இன்னொன்றில் பட்டன் முரடாம்.

"நாளைக்குப் போட்டி. நான் ஜெயிக்கிற மாதிரி ஒண்ணை செட் பண்ணி வை. தோத்தா உனக்கு இங்க வேலை கிடையாது" என்றார் மெக்கானிக் ஜெபக்கனியிடம்.

அவள் ஒன்றைக் கொடுத்தாள். மறுநாள் கூட்டம் பார்க்க முதலாளி ஜெயித்தார்.

"கன்ட்ரோலர் என்ன பெரிய கன்ட்ரோலர்! எல்லாம் என் விரல்!"

ஜெபக்கனி உள்ளங்கையை விரித்தாள். இரண்டு பேட்டரிகள்.

"இது அதுக்குள்ள இருக்க வேண்டியது, முதலாளி. உங்க காரைக் கம்ப்யூட்டரையே ஓட்டச் சொல்லியிருந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

தோற்றால் வேலை போகும் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். ஜெயித்ததற்குப் போனது.